ஊராட்சியும் இளைஞரும்

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே உத்தரமேரூர் என்னும் ஊர் உளது. அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் ஒன்று நிற்கின்றது. தஞ்சையையும் மதுரையையும் கண்ட கண்களுக்கு அது சிறிய கோயிலாகவே தோன்றும். எனினும், வரலாறு கற்போர் அதனைத் தேடிச் செல்கின்றனர். அவர்கள் நாடுவது அதன் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ள கல்வெட்டுகளை. முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற இரு கல்வெட்டுகள், அவ்வூர்ச் சபை தன் வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த முறையைப் படிப்படியாக விளக்குகின்றன.

அக்காலத்தில் ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பது இக்காலத்து வார்டு போன்றது. ஒவ்வொரு குடும்பினரும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். குறித்த நாளில் இளைஞரும் முதியவருமாக ஊரார் கூடினர். கோயில் நம்பிமாருள் முதியவர் ஒருவர் எழுந்து நின்று, குடத்தை எல்லாரும் காணுமாறு உயர்த்திக் காட்டினார். பின்னர்ச் சிறுவன் ஒருவன் அழைக்கப்பட்டான். அவன் ஒரு கட்டினை எடுத்தான். அதன் ஓலைகள் வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கப்பட்டன. அதிலிருந்து ஓர் ஓலையை அவன் எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுத்தான். மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் அகல விரித்து, உள்ளங்கையில் அதனை ஏற்றான். கையில் வேறோலை மறைந்திருக்கவில்லை என்பதை அனைவரும் காண வேண்டும் அன்றோ? அவன் படித்த பெயரை நம்பிமார் யாவரும் மீண்டும் உரக்கப் படித்தனர். இங்ஙனம் தெரிந்தெடுக்கப்பட்ட முப்பதின்மருள் பன்னிருவர் ஆண்டு வாரியத்தையும், பன்னிருவர் தோட்ட வாரியத்தையும், அறுவர் ஏரி வாரியத்தையும் நடத்தினர். அவர்தம் பதவி 360 நாள்களே.

இவ்விதிகளுள் இன்றும் வியப்புத் தருவது ஒன்று உண்டு. முன்னர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் இடம் பெறலாகாது. அவர் மட்டுமன்று, அவருடைய நெருங்கிய உறவினரும் இடம் பெறலாகாது. கணக்கு ஒப்புவிக்காமை ஒரு குடும்பத்துக்கே இழுக்கு என்று அச்சபையார் கருதினர் போலும்.

ஆயினும், அச்சபையை எல்லார்க்கும் உரிய மக்களாட்சி என்று புகழ்ந்துவிடுதல் பொருந்தாது. அது பிராமணர் ஊரின் சபை. வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடையோர்க்கே ஓலை எழுதப்பட்டது. மகளிர்க்கு இடமில்லை. உழுது பயிர் விளைத்தோர்க்கு இடமில்லை. வயது 35-க்குக் குறைந்தவர்க்கும் இடமில்லை. இளமைக்கு அங்குக் கிடைத்த ஒரே பணி, குடத்தில் கைவிட்டு ஓலை எடுப்பது. அப்பணிக்கும் குடத்தினுள் இருப்பது இன்னதென அறியாத சிறுவனே வேண்டும் என விதி கூறிற்று. அறியாமையே அச்சிறுவனின் தகுதியாய் இருந்தது.

ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழிந்தன. இந்திய அரசியலமைப்பின் 73-ஆம் திருத்தம் 1993-ஆம் ஆண்டு ஏப்ரல் 24-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சி என்பது மாநில அரசு விரும்பினால் அமைப்பதும், விரும்பாவிடில் கலைத்து வைப்பதுமாக இருந்த நிலையை அது மாற்றிற்று. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல், தாழ்த்தப்பட்டோர்க்கும் பழங்குடியினர்க்கும் மகளிர்க்கும் இடஒதுக்கீடு, வாக்காளர் யாவரும் உறுப்பினராகிய கிராம சபை ஆகியவை சட்டத்தில் இடம் பெற்றன. நகரங்களுக்கு 74-ஆம் திருத்தம் இவ்வாறே வழி வகுத்தது. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டம் இயற்றப்பட்டு, 1996-ல் அச்சட்டப்படி முதல் தேர்தல் நடந்தது. மகளிர்க்கு மூன்றில் ஒரு பங்காக இருந்த ஒதுக்கீட்டைப் பாதியாக உயர்த்தும் சட்டம் 2016-ல் இயற்றப்பட்டது.

வயதைப் பற்றி இச்சட்டம் கூறுவது கருதத் தக்கது. நாட்டின் குடியரசுத் தலைவராக 35 வயது வேண்டும். மாநிலங்களவைக்கு 30, மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் 25. ஊராட்சிக்கோ 21 வயது போதும். கிராம சபையில் அமர்ந்து பேசவும் வாக்களிக்கவும் 18 நிறைந்து, பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தால் அதுவே தகுதி. நிலம் வேண்டா, மனை வேண்டா, பட்டமும் வேண்டா. ஆட்சி மாளிகையின் கதவுகள் பலவற்றுள் இளைஞர்க்கு முதலில் திறப்பது ஊராட்சியின் கதவே.

எனினும், அக்கதவுக்குள் நுழைவோர் மிகச் சிலர். 'அரசியல்' என்றவுடன் கற்ற இளைஞர் பலர் தலைநகரையே நோக்குகின்றனர். டில்லியில் அமைச்சர் எவர் என்பதை நொடியில் சொல்லும் மாணவன், தன் தெருவின் வார்டு உறுப்பினர் எவர் என்று வினவினால் தலையைச் சொறிகிறான். ஆனால், அவன் காலையில் பல் துலக்கும் நீர் ஊராட்சியின் தொட்டியிலிருந்து வருவது. அவன் பள்ளிக்கு நடக்கும் தெரு ஊராட்சியின் தெரு. இரவில் அவன் வீட்டு வாயிலில் எரியும் விளக்கு ஊராட்சியின் விளக்கு. சாலை, விளக்கு, வடிகால், துப்புரவு, குடிநீர், இடுகாடு ஆகியவற்றைக் கவனித்தல் ஊராட்சியின் கட்டாயக் கடமை எனச் சட்டம் வகுத்துள்ளது. பிறந்தவன் குடிக்கும் முதல் நீரும், இறந்தவன் உறங்கும் இடமும் அதன் பொறுப்பே.

இந்திய விடுதலைக்கு உழைத்த தலைவர்கள் இதனைச் சிறிய வேலை என்று ஒதுக்கவில்லை. 1882-ல் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானத்தின் பயனாக நகராட்சிகளில் இந்தியர்க்கு இடம் விரிந்தது. அவ்விடங்களில் அமர்ந்து ஆட்சிக் கலையைப் பயின்றோர் பலர். இராஜாஜி சேலம் நகராட்சியின் தலைவராக இருந்தார், பெரியார் ஈ.வெ.ரா. ஈரோட்டு நகராட்சியின் தலைவராக இருந்தார். வல்லபாய் படேல் 1924 முதல் 1928 வரை அகமதாபாத் நகராட்சியை நடத்தினார். ஜவகர்லால் நேரு 1923-ல் அலகாபாத் நகராட்சித் தலைவரானார். சுபாஷ் சந்திர போஸ் 1924-ல் கல்கத்தா மாநகராட்சியின் தலைமை நிர்வாக அதிகாரியாகப் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 27. சாக்கடையும் குழாய்நீரும் பின்னாளில் நாடாண்டவர்களுக்கு அரிச்சுவடியாய் அமைந்தன.

கற்றவர் ஒருவர் ஊருக்குத் திரும்பினால் விளைவது யாது என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டத்துக் குத்தம்பாக்கம் ஒரு சான்று. அவ்வூரில் தாழ்த்தப்பட்ட குடும்பம் ஒன்றில் பிறந்த இளங்கோ என்பவர் வேதிப் பொறியியல் கற்று, அறிவியல் ஆய்வுத் துறையில் பணியாற்றி வந்தார். அப்பணியைத் துறந்து ஊருக்குத் திரும்பிய அவர், 1996-ல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஊருக்கு வடிகால் தேவைப்பட்டது. கருங்கல் மெருகிடும் ஆலைகள் வேண்டாவென ஒதுக்கிய கல் துண்டுகளைக் கொண்டு அவ்வடிகாலைக் குறைந்த செலவில் கட்டுவித்தார். விதிமுறை பிறழ்ந்தது என்று அவர்மேல் குற்றம் சாட்டப்பட்டது. அவர் பதவியினின்றும் நிறுத்தி வைக்கப்பட்டார். அப்பொழுது கிராம சபை கூடிற்று. ஊர் மக்கள் பெருந்திரளாக அவர் பக்கம் நின்றனர். பதவி அவருக்கு மீண்டது. கணக்கு ஒளிவுமறைவின்றி ஊரார் முன் வைக்கப்பட்டிருந்தமையால், அவ்வூரார்க்குத் தம் தலைவர் செய்தது இன்னதென நன்கு தெரிந்திருந்தது. தெரியாதிருந்தால் அவர்கள் யாதுகொண்டு வழக்காடியிருப்பர்?

அதே ஊரில் இரட்டை வீடுகள் எழுந்தன. ஒரே சுவரின் ஒருபுறம் தாழ்த்தப்பட்ட குடும்பமும், மறுபுறம் வேறு சாதிக் குடும்பமும் குடியேறின. ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்து கிடந்த நிலப்படத்தை ஊராட்சியே மாற்றி வரைய முடியும் என்பதற்கு அச்சுவரே சாட்சி. கோவை மாவட்டத்து ஓடந்துறை ஊராட்சி வேறொரு வழி சென்றது. அது 2006-ல் வங்கிக் கடன் பெற்று, 350 கிலோவாட் ஆற்றலுள்ள காற்றாலையைத் தனக்கென வாங்கிற்று.

இவற்றைக் கேட்டு, உள்ளாட்சி என்பது நல்லெண்ணம் ஒன்றினாலேயே நடந்துவிடும் என்று எண்ணுதல் பிழையாகும். அதிகாரம் சிறிதாயினும், அது புதிய கைக்கு மாறும்போது பழைய கை எளிதில் விடுவதில்லை. மதுரை மாவட்டம் மேலவளவு ஊராட்சி 1996-ல் தாழ்த்தப்பட்டோர்க்கு ஒதுக்கப்பட்டது. அதன் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசன், 1997-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாள் தம் தோழர் ஐவருடன் வெட்டிக் கொல்லப்பட்டார். மக்கள் அளித்த நாற்காலியில் அமர்ந்ததன்றி அவர் செய்த குற்றம் வேறில்லை. அதே மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய ஊர்களிலும், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தலிலும், பத்தாண்டுகள் தேர்தல் முறையாக நடைபெறவில்லை. வேட்பாளர் முன்வரவில்லை, முன்வந்து வென்றவரும் உடனே பதவி விலகினர். 2006-ல்தான் அங்கே தேர்தல் நடைபெற்று, தேர்ந்தெடுக்கப்பட்டோர் பதவியில் நிலைத்தனர். பாப்பாபட்டியில் 2021-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் கூடிய கிராம சபையில் மாநில முதலமைச்சரே வந்து அமர்ந்தார். ஒரு காலத்தில் வேட்பு மனு அளிக்கவும் ஒருவர் முன்வராத ஊர் அது.

இடையூறுகள் வேறும் உண்டு. சில ஊர்களில் தலைவர் பதவி, கோயில் திருப்பணிக்கோ ஊர்ப் பொதுச் செலவுக்கோ என்று கூறி, ஏலத்தில் விடப்படுகின்றது. ஏலத்தில் எடுத்தவர் இட்ட பணத்தை மீட்க நினையாரோ? சில ஊர்களில் மனைவி தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட, கணவர் நாற்காலியில் அமர்ந்து ஆணையிடுகின்றார். மனைவி கையெழுத்துக்கு மட்டும் அழைக்கப்படுகின்றார். தேர்தலே நடவாத காலமும் உண்டு. 2016-ல் பதவிக்காலம் முடிந்தபின், 2019 டிசம்பர் வரையில் தமிழ்நாட்டு ஊராட்சிகள் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இன்றித் தனி அலுவலர் பொறுப்பில் இருந்தன. ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. இக்குறைகளை வெளியிலிருந்து பழிப்பதனால் இவை குறைவதில்லை. ஊரில் கேட்பதற்கு ஆள் உண்டு என்ற எண்ணம் பரவும் இடத்தில்தான் ஏலக்காரரின் குரல் தணிகின்றது.

கேரளத்தில் 2020 டிசம்பரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் இளைஞர் பலர் களம் இறங்கினர். திருவனந்தபுரம் மாநகராட்சியின் மேயராக ஆர்யா ராஜேந்திரன் பொறுப்பேற்றார். அப்பொழுது அவருக்கு வயது 21. கல்லூரியில் கணிதம் பயின்றுகொண்டிருந்த மாணவி. பத்தனந்திட்டை மாவட்டத்து அருவாப்புலம் ஊராட்சிக்குத் தலைவரான ரேஷ்மா மரியம் ராய் என்பவருக்கோ, வேட்பு மனு அளிப்பதற்குரிய கடைசி நாளுக்கு முதல் நாள்தான் 21 வயது நிறைந்தது. இரு நாள் பிந்திப் பிறந்திருந்தால் அவர் அத்தேர்தலில் நின்றிருக்க இயன்றிராது. வயதைக் கண்டு இவர்களை ஐயுற்றவர் இருந்தனர். ஆனால், இளம் வயதினர் ஆட்சியில் இருப்பதனால் மட்டும் ஊர் செழித்துவிடும் என்பதும் இல்லை. இளைஞனும் கணக்கை மறைக்கலாம். முதியவரும் திறந்து வைக்கலாம். கணக்கைப் பார்க்கும் பழக்கம் உடையவர் ஊரில் எத்தனை பேர் என்பதே கேள்வி.

அப்பழக்கத்தைப் பெறுதற்குத் தேர்தலில் நிற்க வேண்டுவதில்லை. தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களில் கிராம சபை கூடி வந்தது. 2022 முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய இரு நாள்களும் சேர்க்கப்பட்டன. ஊரின் மக்கள்தொகை 500 வரையெனில் 50 பேரும், 3,000 வரையெனில் 100 பேரும், 10,000 வரையெனில் 200 பேரும், அதற்கு மேற்படின் 300 பேரும் வந்திருத்தல் வேண்டும். அத்தொகை நிரம்பாவிடில் கூட்டம் செல்லாது. ஆகவே, வாராமல் வீட்டில் இருப்பவனும் கூட்டத்தின் போக்கைத் தீர்மானிக்கின்றான், தன்னையறியாமல் தீர்மானிக்கின்றான். நகரங்களில் இதற்கு ஒப்பாகப் பகுதி சபைகள் அமைக்கப்பட்டுள்ளன.

ஓர் இளைஞன் முதன்முறையாகக் கிராம சபைக்குச் செல்வதாகக் கொள்க. வயது 18 நிறைந்து, பெயர் பட்டியலில் ஏறி, சில திங்கள்களே ஆகியிருக்கும். நாள் ஆகஸ்டு 15. காலையில் பள்ளியில் கொடியேற்றிய பின், அங்குள்ள வேப்பமர நிழலிலேயே கூட்டம் தொடங்குகின்றது. முன்வரிசையில் பெண்கள் அமர்ந்திருக்கின்றனர். குடங்கள் நிறையாத வருத்தம் அவர்களைத்தானே முதலில் தாக்கும்! ஆடவர் சிலர் அமர்ந்தும், பலர் மதிலோரம் நின்றும் இருக்கின்றனர். தலைவர் நடுவில் அமர்கின்றார். ஊராட்சிச் செயலர் சென்ற கூட்டத் தீர்மானங்களைப் படிக்கின்றார். பின்னர் வரவு செலவுக் கணக்கைப் படிக்கின்றார். வீட்டு வரி இவ்வளவு, தொழில் வரி இவ்வளவு, அரசு மானியம் இவ்வளவு என்று எண்கள் விரைந்து செல்கின்றன. பலர்க்கு அவை காதில் விழுந்து மறைகின்றன.

இளைஞன் முந்திய நாள் இரவு ஒரு வேலை செய்திருந்தான். குறிப்பேடு ஒன்றை எடுத்துக்கொண்டு மேற்குத் தெரு முழுவதும் நடந்து, எரியும் விளக்குகளை எண்ணியிருந்தான். 'மேற்குத் தெருவில் புதிய விளக்குகள் ஆறு' என்று செயலர் படித்தவுடன் அவன் எழுகின்றான். கால்கள் சற்றே நடுங்குகின்றன. கூட்டம் அவனைத் திரும்பிப் பார்க்கின்றது. 'இவன் இன்னார் மகன் அல்லவா?' என்று பின்னால் எவரோ முணுமுணுக்கின்றனர்.

"ஐயா, மேற்குத் தெருவில் ஆறு விளக்குகள் மாற்றியதாகக் கணக்கில் உள்ளது. நேற்றிரவு எரிந்தவை நான்கு. மற்ற இரண்டு எந்தக் கம்பத்தில் உள்ளன என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்."

தலைவர் செயலரை நோக்குகின்றார். செயலர் ஏட்டைப் புரட்டுகின்றார். "தம்பி, ஆறும் மாட்டியாயிற்று. இரண்டு பழுதாகி இருக்கலாம்" என்கின்றார் தலைவர்.

"அப்படியானால், பழுதான இரண்டையும் மாற்றித் தருவது என்று தீர்மானத்தில் எழுதிக்கொள்ளலாமா ஐயா? எந்த நாளுக்குள் என்பதையும் எழுதினால் நலம்."

இவ்வினாவில் சினமில்லை, குற்றச்சாட்டும் இல்லை. முதியவர் ஒருவர் தலையசைக்கின்றார். முன்வரிசைப் பெண்மணி ஒருவர், "பம்பு செட்டையும் சேர்த்து எழுதுங்கள், மூன்று நாளாய் ஓடவில்லை" என்று குரல் கொடுக்கின்றார். வேறொருவர் வடிகாலைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றார். அதுவரை மதிலோரம் நின்றவர்கள் மெல்ல நெருங்கி வந்து அமர்கின்றனர். தீர்மானங்கள் ஏட்டில் எழுதப்படுகின்றன. எழுதியது படித்துக் காட்டப்படுகின்றது. கூட்டத்துக்கு வந்தவர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கையெழுத்திடுகின்றனர். கைநாட்டு வைப்போரும் சிலர் உளர். இளைஞனின் முறை வருகின்றது. சட்டத்தின் கண்ணில் அக்கையெழுத்துக்கும் ஊர்ப் பெரியவர் கையெழுத்துக்கும் வேறுபாடு இல்லை. வீடு திரும்பியபோது தந்தை அவனைக் கடிந்துகொண்டிருக்கலாம்: 'உனக்கேன் ஊர் வம்பு?' என்று. ஊரில் முதன்முதலாக எழுந்து கேட்டவர் எல்லாரும் கேட்ட சொல் அது.

இவ்வேட்டைத் தேர்தலில் தோற்றவரும் பார்க்கலாம். எவர்க்கும் வாக்களியாதவரும் பார்க்கலாம். ஓராண்டில் ஆறு முறை அது திறக்கின்றது. பத்து ஆண்டுகளில் அறுபது முறை. ஊரின் நீர் எங்கே போகின்றது, மனைப்பட்டா எவர்க்குக் கிடைக்கவில்லை, எத்தெருவுக்கு மட்டும் சாலை வருவதே இல்லை என்பனவெல்லாம் அவ்வறுபது கூட்டங்களில் ஒருவனுக்குப் பாடமாகிவிடும். பின்னர் அவன் வேட்பாளனாக நிற்பின், ஊரை அறிந்தவனாக நிற்பான். நில்லாமலே இருப்பினும், நிற்பவர்கள் அவன் இருப்பதை அறிந்திருப்பர்.

அக்டோபர் 2-ஆம் நாள் கூட்டம் மீண்டும் கூடுகின்றது. செயலர் சென்ற கூட்டத்துத் தீர்மானத்தைப் படித்து, "மேற்குத் தெரு விளக்குகள் இரண்டும் மாற்றப்பட்டன" என்கின்றார். தலைவர் புன்னகையுடன் இளைஞனைப் பார்க்கின்றார். அவன் தலையசைக்கின்றான். முந்திய நாள் இரவே அவன் அத்தெரு வழியாக ஒருமுறை நடந்துவிட்டு வந்திருந்தான்.